தண்டுவடக் காயம் உள்ளவர்கள் கடுமையாக உடற்பயிற்சி செய்தால் ஃப்ரீ ராடிக்கல் பெருகிக் கெடுதல் செய்யுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். கேட்டவருக்கு நான்கு வருடம் முன்பு டி8 மட்டத்தில் (மார்புப் பகுதி முதுகெலும்பில் எட்டாவது) தண்டுவடம் முழுமையாக அடிபட்டிருக்கிறது. வீல்சேரில்தான் நடமாட்டம். ஆறு வாரமாகக் கைப்பெடல் இயந்திரத்தில் ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் நிதானம் என்று மூச்சு வாங்க வாங்கச் சுற்றுகிறார். நண்பர் ஒருவர், "இப்படிக் கடுமையாகச் செய்தால் உடம்பில் ஃப்ரீ ராடிக்கல் கூடிவிடும், மிச்சமிருக்கிற நரம்பும் கெட்டுப்போகும். மெதுவாகச் செய், இல்லாவிட்டால் வைட்டமின் சி, ஈ மாத்திரையாவது போட்டுக்கொள்" என்று சொல்லியிருக்கிறார். இவர் மாத்திரையை வாங்கியும் வைத்துவிட்டார். போடலாமா என்கிறார்.

வீல்சேரில் இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் பல வருடமாக என் வேலை. ஃப்ரீ ராடிக்கல் என்பது பக்கத்தில் இருப்பதோடு சட்டென்று வினைபுரிந்து அதைக் கெடுக்கும் நிலையற்ற மூலக்கூறு. நண்பர் சொன்னதில் முதல் பாதி சரி. கடுமையாகச் செய்யும்போது ஃப்ரீ ராடிக்கல் கூடத்தான் செய்யும். அதனால் தண்டுவடம் கெடும் என்பது தவறு. மாத்திரை விஷயத்தில், வேண்டாம் என்பதே என் கட்சி. ஏன் என்று விளக்குகிறேன், கொஞ்சம் நீளும்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தண்டுவடக் காயம் பற்றி எதைப் படித்தாலும் "ஆக்சிஜனேற்ற அழுத்தம்" என்ற சொல் வந்துவிடும்; உடம்பு அடக்கக்கூடிய அளவைத் தாண்டி ஃப்ரீ ராடிக்கல் பெருகுவதுதான் அது. அடிபட்ட அன்று அங்கே நடப்பது உண்மையிலேயே கொடுமையானது. தண்டுவடம் கொழுப்புச் சத்து மிகுந்த திசு. இரத்தம் கசியும்போது அதிலிருக்கும் இரும்பும் சேர்ந்து கசிகிறது. இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தால் ஃப்ரீ ராடிக்கல் உண்டாகி, செல்களின் கொழுப்புச் சவ்வை வரிசையாக அரித்துக்கொண்டே போகும். அடி விழுந்தபோது தப்பித்த செல்கள்கூட அடுத்த சில மணி நேரத்திலும் சில நாட்களிலும் இப்படிச் சாகின்றன. இதைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை, அடிபட்ட 8 மணி நேரத்துக்குள் அதிக அளவில் ஏற்றிப் பார்த்தார்கள். 1990-ல் அந்த ஆய்வு வெளியாகி உலகமெங்கும் பரவியது. பலன் சொற்பம், பக்கவிளைவு அதிகம் என்று ஆனபின், 2013-ல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதலே அது வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

ஆனால் அது அடிபட்ட நாட்களின் கதை. நான்கு வருடம் கழித்து உங்கள் டி8-ல் அந்தத் தீ எரியவில்லை, அங்கே இருப்பது பழைய தழும்பு. இன்று நீங்கள் கைப்பெடல் சுற்றும்போது ராடிக்கல் உண்டாவது தோளிலும் கையிலும் உள்ள தசைகளில். அவை இரத்தத்தில் ஏறித் தண்டுவடம்வரை பயணம் போய் நரம்பைத் தின்னாது. இருப்பதிலேயே மூர்க்கமான ஹைட்ராக்சில் ராடிக்கலின் ஆயுள், ஒரு விநாடியை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அளவுதான். பிறந்த இடத்திலேயே பக்கத்தில் இருப்பதைக் கடித்துவிட்டு முடிந்துபோகும். சூப்பராக்சைடு என்ற இன்னொரு ராடிக்கல் செல் சவ்வை எளிதில் தாண்டாது. அதிலிருந்து உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் நகரும், ஆனால் அதைப் பிடித்துத் தண்ணீராக்கிவிடும் என்சைம்கள் போகிற வழியெல்லாம் இருக்கின்றன.

சரி, தசையில் உண்டாவது தசைக்குக் கெடுதலா? இதில் விஞ்ஞானிகளே ஒரு சுற்று சுற்றித்தான் வந்தார்கள். 1978-ல் சைக்கிள் மிதித்தவர்களின் மூச்சுக் காற்றில் பென்டேன் கூடுவதைக் கண்டார்கள். கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் வெளிவரும் வாயு அது. 1982-ல் எலிகளைக் களைத்து விழும்வரை ஓடவிட்டு, தசையிலும் கல்லீரலிலும் ராடிக்கல் இரண்டு மூன்று மடங்கு கூடியிருப்பதை நேரடியாகவே அளந்தார்கள். அப்போதிருந்து ரொம்ப நாள், "உடற்பயிற்சி நல்லதுதான், ஆனால் இந்தப் பக்கவிளைவை மட்டும் மாத்திரையால் அடக்கிவிட வேண்டும்" என்ற எண்ணமே ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் நண்பர் இன்னும் அந்தக் காலத்தில் நிற்கிறார்.

பிறகு தெரியவந்தது வேறு. தசை சுருங்கும்போது வரும் ராடிக்கலில் பெரும்பங்கு, முன்பு நினைத்ததுபோல் செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் ஓட்டை வழியாகக் கசிவதில்லை. செல் சவ்வில் உட்கார்ந்திருக்கும் என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் என்ற என்சைம் வேண்டுமென்றே உற்பத்தி செய்கிறது. வேண்டுமென்றே ஒன்றைச் செய்தால் அதற்கொரு காரணம் இருக்குமே. அது ஒரு சேதி. "இங்கே வேலைப் பளு கூடிவிட்டது, கூடுதல் ஏற்பாடு வேண்டும்" என்று செல்லின் கருவுக்குப் போகும் சேதி. அதைக் கேட்டுத்தான் செல் புது மைட்டோகாண்ட்ரியாவை உருவாக்குகிறது, ராடிக்கலை அடக்கும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், குளூட்டதையோன் பெராக்சிடேஸ் போன்ற சொந்த என்சைம்களையும் கூட்டிக்கொள்கிறது.

வீல்சேர் தள்ள ஆரம்பித்த முதல் மாதத்தில் உங்கள் உள்ளங்கை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொப்புளம், தோல் உரிதல், எரிச்சல். இப்போது அதே இடம் காப்புக் காய்த்துக் கெட்டியாக இருக்கும். தேய்ந்ததால்தான் கெட்டியானது. நாள் முழுக்கக் கையுறை போட்டுப் பொத்தி வைத்திருந்தால் கை இன்றும் பூப்போல இருந்திருக்கும், ஒரு சரிவான பாதை ஏறியதும் கொப்புளமும் வந்திருக்கும். ஒரேயடியாக முதல் நாளே பத்து கிலோமீட்டர் தள்ளியிருந்தால் தோல் கிழிந்து ஒரு வாரம் படுத்திருப்பீர்கள். அதுவும் உண்மைதான். தசைக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதே கணக்கு.

உண்மையில் கவலைப்பட வேண்டிய ஆக்சிஜனேற்ற அழுத்தம் இன்னொன்று. அது பயிற்சி செய்யாத மீதி இருபத்து மூன்றரை மணி நேரத்தில் நடக்கிறது. தண்டுவடக் காயம் பழசாகிவிட்டவர்களுக்கு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இந்த அழுத்தம் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். காரணங்களைப் பாருங்கள். காலின் பெரிய தசைகள் வேலை இல்லாமல் மெலிந்து, நிதானமாக நெடுநேரம் உழைக்கும் இழைகள் சீக்கிரம் களைக்கும் வேக இழைகளாக மாறிவிடுகின்றன. மைட்டோகாண்ட்ரியா குறைகிறது. தசைக்கு நடுவிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு சேர்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. இதோடு அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று. ஒவ்வொரு தொற்றின்போதும் வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்லப் பயன்படுத்தும் ஆயுதமே ஃப்ரீ ராடிக்கல்தான். கழுத்தில் காயம்பட்டவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்கும் தொல்லை அதிகம். ஆக்சிஜன் இறங்கி ஏறி இறங்கி ஏறி, இரவு முழுக்க ராடிக்கல் உற்பத்தி. புகைபிடிப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. ஒரே நிலையில் உட்கார்ந்திருந்தால் இடுப்பெலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி இரத்தம் போகாமல் நிற்கும். நெடுநேரம் கழித்து எழும்போது அடைபட்ட இரத்தம் திபுதிபுவென்று உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சலோடு ராடிக்கல் வெள்ளமும் வருகிறது. படுக்கைப்புண் உண்டாவதில் நசுங்குவதற்கு எவ்வளவு பங்கோ, இந்தத் திரும்பப் பாய்ச்சலுக்கும் அதில் பங்கு உண்டு. அடிக்கடி உடம்பைத் தூக்கி, சாய்ந்து எடையை மாற்று என்று நாங்கள் கத்துவதன் பின்னால் இந்த வேதியியலும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், வேலை செய்யாத தசையும் ராடிக்கலை உண்டாக்குகிறது. அசையாமல் கிடக்கும் தசையின் மைட்டோகாண்ட்ரியா அதைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். தசை மெலிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆக, "ஃப்ரீ ராடிக்கலுக்குப் பயந்து சும்மா இருக்கிறேன்" என்பது நடக்காத காரியம்.

பயிற்சி இந்த அடிப்படை அழுத்தத்தைக் குறைக்குமா? 2013-ல் வெளியான ஓர் ஆய்வு உங்களுக்கு ரொம்பப் பொருந்தும். டி5 மட்டத்திலோ அதற்குக் கீழோ முழுக் காயம் உள்ள ஆண்கள், வாரத்துக்கு 3 நாள், 12 வாரம், கைப்பெடல். முடிவில் இரத்தத்தின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனும் குளூட்டதையோன் பெராக்சிடேஸும் கூடின. கொழுப்பு கெட்டதைக் காட்டும் மேலோன்டையால்டிஹைடும், புரதம் கெட்டதைக் காட்டும் கார்பனைலும் குறைந்தன. இருபது பேர்கூட இல்லாத சின்ன ஆய்வு, பயிற்சியும் மிதமான வேகம்தான். நீங்கள் செய்வது அதைவிடக் கடுமை என்பதால் அப்படியே ஒட்டிவைக்க முடியாது. ஆனாலும் திசை தெளிவாகத் தெரிகிறது.

கடுமை என்று நீங்கள் சொல்வதையும் கொஞ்சம் அளந்து பார்க்கலாம். ஓட்டக்காரர் காலின் பெரிய தசைகளை வைத்து ஓடுகிறார். உங்களிடம் இருப்பது இரண்டு கையும் தோளும். எவ்வளவு முக்கிச் சுற்றினாலும் உடம்பு மொத்தமாக எடுக்கும் ஆக்சிஜன் அவரைவிடக் குறைவு. ஆனால் அந்தச் சின்னத் தசைக் கூட்டத்தின் மேல் விழும் பாரம் மிக அதிகம். அதனால்தான் மூச்சு முட்டுவதற்கு முன்பே கை கடுத்துப்போகிறது. மொத்த உடம்புக்குச் சுமை குறைவு, தோளுக்குச் சுமை கூடுதல். ராடிக்கலைவிடத் தோள் மூட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை. தோள் போனால் வீல்சேர் தள்ளுவது, கட்டிலுக்கு மாறுவது எல்லாமே போச்சு.

உங்களுக்கு டி8 என்பது ஒரு வகையில் அதிர்ஷ்டம். இதயத்தை வேகப்படுத்தும் சிம்பதெடிக் நரம்புகள் டி1 முதல் டி5 வரையிலான பகுதியிலிருந்து கிளம்புகின்றன. அவை உங்களுக்கு அடிபடவில்லை. உழைத்தால் நாடித்துடிப்பு ஏறும், மேலுடம்பு வியர்க்கும். கழுத்தில் காயம் உள்ளவர்களின் கதை வேறு. அவர்களுக்கு எவ்வளவு உழைத்தாலும் நாடி பெரும்பாலும் 110-லிருந்து 130-க்குள் நின்றுவிடும். அட்ரினலின் ஏறாது. பயிற்சியின்போது தசையிலிருந்து இரத்தத்துக்கு வரும் இன்டர்லூக்கின்-6 என்ற பொருளும் அவர்களுக்குச் சரியாக ஏறுவதில்லை. 20 நிமிடக் கைப்பெடலை வைத்து 2012-ல் வந்த ஓர் ஆய்வு இதைக் காட்டியது. பயிற்சிக்குப் பிறகு அழற்சியைத் தணிக்க அந்தப் பொருள் உதவுகிறது என்பதால், அவர்களுக்குப் பயிற்சியின் இந்தப் பலன் கொஞ்சம் குறைந்தே கிடைக்கக்கூடும். ஆகவே "தண்டுவடக் காயம் உள்ளவர்கள் இப்படி" என்று யாராவது பொத்தாம் பொதுவாகச் சொன்னால், எந்த மட்டம் என்று திருப்பிக் கேளுங்கள்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கழுத்தில் சி6 மட்டத்தில் காயம் உள்ள ஒரு இளைஞர். கையை இயந்திரத்தின் பிடியோடு பட்டையால் கட்டிவிட்டு, பதினைந்து நிமிடம் சுற்றிக்கொண்டிருந்தார். நாடி 116. திரையைப் பார்த்தால் ஏதோ மாலை நடை போகிற கணக்கு. முகத்தைப் பார்த்தால் குங்குமமாகச் சிவந்திருந்தது. நெற்றியில் கை வைத்தேன், கொதிக்கிறது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. "நல்லாத்தான் இருக்கேன் சார், இன்னும் ஐந்து நிமிடம்" என்கிறார், ஆனால் வார்த்தை குழறுகிறது. நிறுத்திவிட்டு, விசிறியைத் திருப்பி, முகத்திலும் கையிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தோம். அவர் தெளிய அரை மணி நேரம் ஆனது. வியர்க்க முடியாத உடம்பில் சூடு ஏறிக்கொண்டே போகும், சூடு ஏறினால் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் ஏறும். அன்றிலிருந்து கழுத்துக் காயம் உள்ளவர்களுக்குத் தண்ணீர் தெளிப்பானை இயந்திரத்தின் பக்கத்திலேயே வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

டி6-லும் அதற்கு மேலும் காயம் உள்ளவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலோ, சிறுநீர் டியூப் மடங்கியிருந்தாலோ, இறுக்கமான பட்டை அழுத்தினாலோ இரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். மண்டை இடிக்கும், முகம் சிவக்கும், மயிர்க்கூச்செறியும். அந்த நேரம் பயிற்சியை நிறுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து, இறுக்கத்தைத் தளர்த்தி, டியூபைப் பார்க்க வேண்டும். அப்படியும் இறங்காவிட்டால் உடனே மருத்துவ உதவி. இதையே வேண்டுமென்று வரவழைத்துக்கொண்டு பந்தயத்தில் வேகம் கூட்டப் பார்த்த விளையாட்டு வீரர்களும் உண்டு. பாராலிம்பிக் அமைப்பு 1994-லேயே அதைத் தடை செய்துவிட்டது. மூளையில் இரத்தக்குழாய் வெடித்துச் செத்துப்போகக்கூடிய விளையாட்டு அது.

இப்போது மாத்திரை. 2009-ல் ஓர் ஆய்வு. நான்கு வாரம் உடற்பயிற்சி செய்தவர்களில் ஒரு பாதிக்குத் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்தார்கள். மாத்திரை போடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது. போட்டவர்களுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. உடம்பின் சொந்த எதிர்ப்பு என்சைம்களும் அவர்களுக்குக் கூடவில்லை. 2014-ல் வந்த இன்னொரு ஆய்வில், இதே இரண்டு வைட்டமினையும் 11 வாரம் கொடுத்துப் பார்த்தபோது, தசையில் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதற்கான அடையாளங்கள் மட்டுப்பட்டன. ஆனால் மூச்சுத் திறன் இரு தரப்புக்கும் ஒரே மாதிரி கூடியது, அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டுமே தண்டுவடக் காயம் இல்லாதவர்களிடம் நடந்தவை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். உங்கள் நிலையில் உள்ளவர்களுக்குப் பெரிய பிரச்சினையே இன்சுலினும் மைட்டோகாண்ட்ரியாவும்தான். அதைச் சரிசெய்யத்தான் இவ்வளவு மூச்சு வாங்கிச் சுற்றுகிறீர்கள். போகிற சேதியைப் பாதி வழியில் கிழித்துப் போடும் மாத்திரையை எதற்குக் காசு கொடுத்து விழுங்க வேண்டும்?

பழம், காய்கறியில் வருவதைப் பற்றிப் பயம் வேண்டாம், அது இந்த அளவுக்கு வராது. இரத்தப் பரிசோதனையில் ஏதாவது சத்து உண்மையிலேயே குறைந்திருந்தாலும், புண் ஆறுவதற்காக மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தாலும் அது வேறு கணக்கு. வைட்டமின் டி குறைவு உங்களைப் போன்றவர்களுக்குச் சகஜம், அதைப் பார்த்துச் சரிசெய்வது நல்லது.

"ஆக்சிஜனேற்ற அழுத்தம் எவ்வளவு என்று டெஸ்ட் எடுக்கலாமா?" என்றும் கேட்டிருந்தீர்கள். எடுக்காதீர்கள். பயிற்சி முடிந்ததும் யூரிக் அமிலம் ஏறும், அதுவே மொத்த எதிர்ப்புத் திறன் கூடிவிட்டதாகக் காட்டிவிடும். தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தால் இரத்தம் கெட்டியாகி எல்லா எண்ணும் ஏறும். ஆய்வுக்கூடத்தில் பலரைச் சேர்த்து ஒப்பிட்டால்தான் இந்த எண்களுக்கு அர்த்தம். ஒற்றை ஆளின் ஒற்றை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது.

அப்புறம், எவ்வளவு செய்யலாம்? தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கென்றே 2018-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், உடல்திறனுக்கு வாரம் 2 நாள் குறைந்தது 20 நிமிடம் மூச்சு வாங்கும் பயிற்சியும், வாரம் 2 நாள் இயங்கும் ஒவ்வொரு பெரிய தசைக்கும் 3 சுற்று பலப் பயிற்சியும் என்கிறது. சர்க்கரை, கொழுப்பு, இதயம் இவற்றுக்கும் பலன் வேண்டுமென்றால் வாரம் 3 நாள், 30 நிமிடம். இது குறைந்தபட்சம்தான். மிதமாகவும் செய்யலாம், கடுமையாகவும் செய்யலாம் என்றுதான் அதில் இருக்கிறது. "மெதுவாக மட்டும் செய்" என்று எங்கும் இல்லை.

உங்கள் ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் நிதானம் முறை நன்றாகவே இருக்கிறது. வேகமான நிமிடத்தில் இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் இருக்க வேண்டும், நிதானத்தில் பேச்சு திரும்பிவிட வேண்டும். திரும்பவில்லை என்றால் இடைவெளியை நீட்டுங்கள். வாரம் இரண்டு நாள் கடுமை போதும், நடுவில் ஒரு நாளாவது விட்டுச் செய்யுங்கள். மூன்றாவது நாளை நிதானமாக வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுவதோடு நிறுத்தாமல் இழுக்கும் பயிற்சியும் சேருங்கள். நாள் முழுக்க வீல்சேரைத் தள்ளித் தள்ளி முன்பக்கத் தசைதான் பலமாகியிருக்கும், தோள்பட்டைக்குப் பின்னால் இருப்பது பலவீனமாக இருக்கும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, தோலில் சிவப்பு, இந்த மூன்றில் ஏதாவது இருக்கும் நாளில் கடுமை வேண்டாம். உடம்பு ஏற்கெனவே ஒரு சண்டையில் இருக்கிறது. ஒவ்வொரு முறை முடித்ததும் கண்ணாடி வைத்து உட்காரும் இடத்தைப் பாருங்கள். வேகமாகச் சுற்றும்போது இடுப்பு அசைந்து தேய்வது உங்களுக்கு உணர்வில் தெரியாது.

தசைக்கு மின்சாரம் கொடுத்துச் சுருங்கவைக்கும் மின்தூண்டல் வைத்துக் காலால் சைக்கிள் மிதிக்கும் யோசனையைப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பெரிய தசைகளும் வேலையில் சேர்வதால் எனக்கு அது பிடிக்கும். ஆனால் நான்கு வருடம் சும்மா கிடந்த தசையை முதல் நாளே அரை மணி நேரம் துடிக்கவைத்தால் தசை சிதைந்து சிறுநீர் கறுக்கும், சிறுநீரகத்துக்கே ஆபத்து. முழங்காலைச் சுற்றியுள்ள எலும்பும் மெலிந்திருக்கும், முறியலாம். எலும்பு அடர்த்தி பார்த்துவிட்டு, தெரிந்தவர் முன்னிலையில் சில நிமிடத்தில் ஆரம்பிக்க வேண்டிய விஷயம் அது.

மாத்திரைக்குப் பதிலாக இதைச் செய்யுங்கள். மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், இயந்திரத்தில் ஒரே பளு வைத்து, ஒரே வேகத்தில் ஐந்து நிமிடம் நிதானமாகச் சுற்றி, முடித்த அந்த விநாடி நாடியை எண்ணுங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். முதல் எண் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் இறங்கினால், இரண்டாவது எண் இன்னும் வேகமாக இறங்கினால், உள்ளே வேலை நடக்கிறது. ஏறிக்கொண்டே போனாலோ, களைப்பு இரண்டு நாள் விடாமல் இருந்தாலோ, ஒரு வாரம் பாதியாகக் குறையுங்கள். அடுத்த முறை எழுதும்போது அந்த இரண்டு எண்ணையும், தோளில் வலி இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.